‘ஸ்டிஃபன்’ என்ற ஆங்கில வினைச்சொல்லுக்குத் தமிழில் எத்தனை சொற்கள் வேண்டும்?

கேட்கப்பட்ட கேள்வி இது: ‘ஸ்டிஃபன்’ என்ற ஆங்கில வினைக்கு அகராதிகள் ‘விறைப்பாக்கு, விறைப்பாகு’ என்று பொருள் தருகின்றன. ஆனால் சமையல் குறிப்பிலும், போர்ச் செய்தியிலும், காதல் கதையிலும் அதே சொல் வரும்போது ‘விறைப்பு’ எங்குமே ஒட்டவில்லை. அப்படியானால் அந்தச் சொல்லின் பொருள்தான் என்ன, அதை எங்கெங்கே எப்படிப் பயன்படுத்துவது?

நான் பல ஆண்டுகளாக மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவன். இந்தச் சொல்லிடம் பலமுறை தோற்றுமிருக்கிறேன். என் அனுபவத்தில் சிக்கல் அகராதியில் இல்லை. முன்பு வளைந்துகொடுத்த ஒன்று இப்போது வளைய மறுக்கிறது என்ற விளைவை மட்டுமே ஆங்கிலம் இந்தச் சொல்லில் சொல்கிறது; வளைய மறுப்பது எது, ஏன் மறுக்கிறது என்பவற்றை அது வாக்கியத்தின் மற்றச் சொற்களிடம் விட்டுவிடுகிறது. தமிழோ அவ்விரண்டையும் தெரிந்துகொள்ளாமல் வினையைத் தேர்ந்தெடுப்பதில்லை. துணி என்றால் மொடமொடக்கும், கழுத்து என்றால் பிடித்துக்கொள்ளும், பாகு என்றால் இறுகும், குளிரில் விரல் என்றால் விறைக்கும், காற்று என்றால் வலுக்கும், சட்டம் என்றால் கடுமையாகும். ஆகவே இந்தச் சொல்லைப் பார்த்தவுடன் அகராதியைத் திறப்பதைவிட, அதன் எழுவாயையும் செயப்படுபொருளையும் பார்ப்பதே முதல் வேலை.

சொல்லின் அமைப்பிலிருந்து தொடங்குகிறேன். ‘ஸ்டிஃப்’ என்ற பெயரடையோடு ‘என்’ என்ற விகுதி சேர்ந்து ‘ஸ்டிஃபன்’ பிறந்தது. எழுத்தில் ‘எஃப்’ இரண்டு வந்தாலும் ஒலியில் ஒன்றுதான். ‘ஹார்ட்’ என்பது ‘ஹார்டன்’ ஆவதும், ‘டார்க்’ என்பது ‘டார்க்கன்’ ஆவதும் இதே வழியில்தான். பெயரடை ஜெர்மானியக் குடும்பத்துப் பழஞ்சொல். டச்சு மொழியிலும் ஜெர்மன் மொழியிலும் அதன் உடன்பிறப்புகள் இன்றும் புழங்குகின்றன. இந்த விகுதிக்கு ஒரு விசித்திரமான பிடிவாதம் உண்டு. க, ட, ஃப, ஸ போன்ற ஒலிகளில் முடியும் பெயரடைகளோடு மட்டுமே அது சேரும். மூக்கொலியிலோ உயிரொலியிலோ முடியும் பெயரடையோடு சேராது. அதனால்தான் ‘ரெட்’ என்பதிலிருந்து ‘ரெட்டன்’ வந்தது, ஆனால் ‘கிரீன்’, ‘புளூ’, ‘தின்’, ‘டிரை’ ஆகியவற்றிலிருந்து அப்படி ஒரு வினை வரவில்லை. ‘லாங்’, ‘ஸ்ட்ராங்’ ஆகியவை மூக்கொலியில் முடிவதால், அவற்றின் பெயர்ச்சொல் வடிவங்களான ‘லெங்த்’, ‘ஸ்ட்ரெங்த்’ ஆகியவற்றைப் பிடித்து ‘லெங்தன்’, ‘ஸ்ட்ரெங்தன்’ என்று ஆங்கிலம் சமாளித்துக்கொண்டது. நம் புணர்ச்சி விதிகளைப் படித்து அலுத்தவர்களுக்கு, ஆங்கிலத்திலும் ஒலி இலக்கணத்தைக் கட்டிப்போடுகிறது என்பது சிறிய ஆறுதலாக இருக்கும்.

அடுத்தது தமிழ் மாணவர் பெரும்பாலும் தடுமாறும் இடம். ‘இறுகு’ என்றால் தானே இறுகுவது, ‘இறுக்கு’ என்றால் பிறர் இறுக்குவது. ‘முறுகு, முறுக்கு’, ‘திருந்து, திருத்து’ என்று தன்வினைக்கும் பிறவினைக்கும் நாம் தனித்தனி வடிவம் வைத்திருக்கிறோம். ‘ஸ்டிஃபன்’ இரண்டுக்கும் ஒரே வடிவம். தசை தானே ஸ்டிஃபன் ஆகும். கஞ்சி துணியை ஸ்டிஃபன் செய்யும். ‘ஸ்டிஃபன்ட்’ என்ற இறந்தகால வடிவத்தைக் கண்டால், பின்னால் செயப்படுபொருள் இருக்கிறதா என்று பார்த்தே எது என்று முடிவு செய்ய வேண்டும். இதோடு இன்னொரு பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. குளிர், பயம், வயது போன்ற உயிரற்ற காரணங்களை எழுவாயாக வைத்து, குளிர் அவர் விரல்களை ஸ்டிஃபன் செய்தது என்று ஆங்கிலம் எழுதும். அதை ‘குளிர் அவருடைய விரல்களை விறைப்பாக்கியது’ என்று எழுதினால் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் தமிழர் யாரும் அப்படிப் பேசுவதில்லை. ‘குளிரில் அவருக்கு விரல்கள் விறைத்துப்போயின’ என்பதே நம் நடை. காரணம் ஏழாம் வேற்றுமைக்குப் போய்விடுகிறது, உடலின் உரிமையாளர் நான்காம் வேற்றுமையில் நிற்கிறார், வினை தன்வினையாகிறது. இந்த ஒரு மாற்றத்தைச் செய்யப் பழகிக்கொண்டாலே பாதி வாக்கியங்கள் சீராகிவிடும்.

இனிப் பயன்பாடுகள். துணியைப் பொறுத்தவரை இந்தச் சொல்லுக்கு நம்மிடம் தேவைக்கு மேலேயே சொற்கள் உண்டு. ஒருமுறை தையல் பயிற்சிக் கையேடு ஒன்றை மொழிபெயர்த்தபோது, சட்டைக் காலருக்குள் வைத்துத் தைக்கும் பொருளை ‘விறைப்பூட்டி’ என்று எழுதிவிட்டு, ஒரு தையற்காரரிடம் வாசித்துக் காட்டினேன். அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, “கேன்வாஸைச் சொல்றீங்களா, பக்ரமைச் சொல்றீங்களா?” என்று கேட்டார். காலருக்கு ஒன்று, பேன்ட் இடுப்புப் பட்டைக்கு இன்னொன்று என்று அவருக்கு அவை வேறு வேறு பொருள்கள். இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கிய என் ‘விறைப்பூட்டி’ அவருக்கு எதையுமே சொல்லவில்லை. கையேட்டில் இரண்டு சொற்களையும் அப்படியே போட்டேன்.

துவைத்த துணியை ஸ்டிஃபன் செய்வது என்றால் கஞ்சி போடுவது. அரிசிக் கஞ்சியோ ஜவ்வரிசிக் கஞ்சியோ, நடப்பது ஒன்றுதான். மாவுச்சத்தின் நுண்மணிகள் சூடான நீரில் ஊதி உடைந்து கூழாகின்றன. அந்தக் கூழ் நூலிழைகளின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து காய்கிறது. தண்ணீர் தெளித்து இஸ்திரிப் பெட்டியை ஓட்டும்போது அந்தப் படலம் தட்டையாக இறுகி, இழைகள் ஒன்றின் மேல் ஒன்று நழுவ முடியாதபடி பிடித்துவைக்கிறது. மடிப்புக் கலையாத வேட்டியும், உட்கார்ந்தால் சத்தம் போடும் பருத்திப் புடவையும் இப்படித்தான் உருவாகின்றன. ஆங்கிலேயருக்கு இந்தக் கலை கடன் சரக்கு. கழுத்தைச் சுற்றித் தட்டுப்போல் நிற்கும் சுருக்குக் காலர்கள் லண்டனில் நாகரிகமாக இருந்த முதலாம் எலிசபெத் அரசியின் காலத்தில், அவற்றுக்குக் கஞ்சி போடும் முறையை 1564-இல் அங்கு வந்த ஒரு ஃபிளெமிஷ் பெண்மணி கற்றுக்கொடுத்தார் என்று அக்கால வரலாற்றுக் குறிப்பு சொல்கிறது. 1583-இல் ஃபிலிப் ஸ்டப்ஸ் என்ற ஒழுக்கவாதி அதே கஞ்சியைப் பிசாசின் திரவம் என்று ஏசினார். நம் ஊரில் வெள்ளை வேட்டி அரசியல்வாதிகளை எவ்வளவோ பேர் ஏசியிருக்கிறார்கள். கஞ்சியை ஏசியவரை நான் கேள்விப்பட்டதில்லை.

வேண்டுமென்று செய்யாமலே துணி ஸ்டிஃபன் ஆவதும் உண்டு. உப்புத் தண்ணீரில் துவைத்து வெயிலில் போட்ட துண்டு மாலையில் அட்டையைப் போலக் கையில் வரும். நீரிலுள்ள கால்சிய, மெக்னீசிய உப்புகள் சோப்போடு சேர்ந்து கரையாத படிவாக இழையில் தங்குவது அதற்கு ஒரு காரணம். இதற்கு ‘மொடமொடப்பு’ என்ற பாராட்டுச் சொல் ஆகாது. ‘கட்டையாகக் காய்ந்துவிட்டது’ என்பதே சரி. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே வினை. பாராட்டா, குறையா என்பதை வாக்கியம்தான் காட்டும்.

அடுப்படியில் இந்தச் சொல் வரும்போது கூடுதல் கவனம் வேண்டும், ஏனெனில் அங்கே இதற்கு நெருங்கிய போட்டியாளர்கள் பலர். குழம்பு கெட்டியாவது ‘திக்கன்’. ஜெல்லி தட்டில் நிலைகொள்வது ‘செட்’. கறிக் கொழுப்பு ஆறி ஆடையாக உறைவது ‘கன்ஜீல்’. ரொட்டி காய்ந்து கல்லாவது ‘ஹார்டன்’. ‘ஸ்டிஃபன்’ என்பது அசைவு குறைந்து தன் வடிவத்தைத் தானே தாங்கத் தொடங்கும் கட்டம். இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு கேக் செய்வதற்காக முட்டை வெள்ளைக்கருவை அடிப்பது. அடிக்க அடிக்க அதிலுள்ள புரதங்கள் தம் சுருளை அவிழ்த்துக்கொண்டு காற்றுக் குமிழிகளைச் சுற்றிப் படலமாகின்றன. முதலில் நுரை, பிறகு அடிப்பானைத் தூக்கினால் நுனி எழுந்து சரியும் பதம், அதன்பின் நுனி நிமிர்ந்தே நிற்கும் பதம். இந்தக் கடைசிப் பதத்துக்கு வருவதைத்தான் ஆங்கிலச் சமையல் குறிப்பு ‘ஸ்டிஃபன்’ என்கிறது. அதை ‘விறைப்பாகும் வரை அடிக்கவும்’ என்று எழுதுவதைவிட, ‘நுனி சரியாமல் நிற்கும் பதம் வரை’ என்று எழுதினால் சமைப்பவருக்குக் கண்ணால் பார்க்க ஓர் அடையாளம் கிடைக்கும். கம்பிப்பதம், உருட்டுப்பதம் என்று பாகுக்கே இத்தனை பதங்கள் வைத்திருக்கும் மொழிக்கு இது புதிய வேலை அன்று. பிசைந்த மாவில் இன்னும் சிறிது மாவு சேர்த்து அதை ஸ்டிஃபன் செய்யச் சொன்னால், பூரிக்குப் பிசைவதுபோல் ‘கெட்டியாகப் பிசைந்துகொள்ளவும்’ என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

சிமென்ட் விஷயத்தில் ‘ஸ்டிஃபன்’, ‘ஹார்டன்’ இரண்டையும் குழப்பினால் பொருளே கெடும். சிமென்ட் பசை நீரோடு சேர்ந்து குழைவை இழந்து இறுகுவது ஒரு கட்டம். அதன்பின் நாள்கணக்கில் வலிமை பெறுவது வேறொரு கட்டம். இந்தியத் தரக் குறியீட்டின்படி சாதாரண போர்ட்லண்ட் சிமென்ட் 30 நிமிடங்களுக்கு முன் இறுகத் தொடங்கக் கூடாது, 600 நிமிடங்களுக்கு மேல் இறுகாமலும் இருக்கக் கூடாது. வீகாட் கருவி என்ற ஊசிக் கருவி பசைக்குள் எவ்வளவு இறங்குகிறது என்பதைக் கொண்டு இதை அளக்கிறார்கள். வலிமையையோ 28-ஆம் நாளில் சோதிக்கிறார்கள். கொத்தனார்கள் முதல் கட்டத்தை ‘செட் ஆயிடுச்சு’ என்பார்கள். இறுகத் தொடங்கிய கலவையில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கிளறினால் அது இளகுவதுபோல் தோன்றும். பின்னால் கிடைக்க வேண்டிய வலிமை குறைந்துவிடும். எனவே ஆங்கில அறிவுறுத்தலில் ஸ்டிஃபன் ஆன கலவையைப் பயன்படுத்தாதே என்று இருந்தால், ‘கடினமான கலவை’ என்று மொழிபெயர்ப்பது ஆபத்து. கல்லாகிவிட்ட கலவையை யாரும் எடுத்துப் பூசப் போவதில்லை. அறிவுறுத்தல் எச்சரிப்பது பாதி இறுகிய கலவையைப் பற்றித்தான்.

உடலைப் பற்றிப் பேசும்போது இந்தச் சொல் மிகவும் விரிகிறது. ஆங்கிலத்தில் ‘அப்’ என்ற ஒட்டைச் சேர்த்து, நேற்று ஓடினேன், இன்று கால்கள் ஸ்டிஃபன் அப் ஆகிவிட்டன என்பார்கள். நாம் ‘கால் பிடித்துக்கொண்டது’ என்போம். தூக்கத்தில் தலை கோணலாக இருந்ததால் வருவது ‘கழுத்துப் பிடிப்பு’ அல்லது ‘சுளுக்கு’. ஆனால் மூளையுறை அழற்சியில் காய்ச்சலோடு தாடையை நெஞ்சில் தொட முடியாமல் கழுத்து நிற்பதைத் தமிழ் மருத்துவ நூல்கள் ‘கழுத்து விறைப்பு’ என்கின்றன. ஆங்கிலம் இரண்டையும் ஒரே தொடரால் சொல்கிறது. தமிழில் எந்தச் சொல்லைப் போடுகிறோம் என்பதைப் பொறுத்து, வாசிப்பவர் தைலம் தேய்ப்பதா மருத்துவமனைக்கு ஓடுவதா என்று முடிவு செய்வார். மூட்டு வாதத்திலும் இப்படித்தான்: காலை எழுந்ததும் விரல்களை மடக்க வராமல் இருப்பது ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் முடக்குவாதத்தையும், அரை மணிக்குள் விலகினால் மூட்டுத் தேய்மானத்தையும் மருத்துவர் நினைத்துப்பார்ப்பார். அங்கே ‘மூட்டு இறுக்கம்’ என்பதே நோயாளிக்கு எளிதில் விளங்குகிறது.

இறந்த உடல் ஸ்டிஃபன் ஆவதற்குத் தமிழில் ‘விறைத்தல்’ முழுமையாகப் பொருந்துகிறது. தசை இளகுவதற்கும் ஆற்றல் வேண்டும். அந்த ஆற்றலைத் தரும் ஏ.டி.பி. என்ற மூலக்கூறு இறப்புக்குப் பின் தீர்ந்துபோவதால், தசை நார்களின் இருவகைப் புரதங்களும் ஒன்றையொன்று பிடித்த பிடியை விடாமல் நிற்கின்றன. கண்ணிமை, தாடை போன்ற சிறு தசைகளில் சில மணி நேரத்தில் தொடங்கி, ஏறக்குறைய 12 மணி நேரத்தில் உடல் முழுவதும் பரவி, பின்னர் மெல்ல விலகுகிறது. வெப்பமான ஊர்களில் எல்லாமே விரைவு. உயிர் பிரிந்ததும் கண்ணை மூடி, வாய்க்கட்டுக் கட்டி, கைகால்களை நீட்டி, கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டும் நம் வீட்டுப் பெரியவர்கள் ஏ.டி.பி.யைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் விறைப்பதற்குமுன் செய்ய வேண்டிய வேலை அது என்று துல்லியமாகத் தெரிந்துவைத்திருந்தார்கள். ஆங்கிலக் கொச்சையில் ‘ஸ்டிஃப்’ என்ற சொல்லே பிணத்தைக் குறிக்கும். துப்பறியும் கதைகளில் அது வந்தால் ‘விறைப்பான ஆள்’ என்று எழுதி விடாதீர்கள்.

‘விறை’ என்ற நம் சொல்லிலேயே இரண்டு கண்ணிகள் இருக்கின்றன. முதலாவது, இலங்கைத் தமிழில் அது மரத்துப்போவதைக் குறிக்கும். தமிழ்நாட்டில் ‘கால் மரத்துப்போச்சு’ என்பவர்களுக்கு எதிரே அங்கே ‘கால் விறைச்சுப் போச்சு’ என்பார்கள், பல் பிடுங்குமுன் போடுவது ‘விறைப்பு ஊசி’. உணர்ச்சி இழப்பதும் வளைய மறுப்பதும் வேறு வேறு குறைகள் என்பதால், இலங்கை வாசகருக்கான மருத்துவக் குறிப்பில் இதைக் கவனிக்காமல் இருக்க முடியாது. இரண்டாவது கண்ணி, ‘விறைப்பு’ என்ற பெயர்ச்சொல்லை நாளிதழ் விளம்பரங்களும் பாலியல் மருத்துவப் பத்திகளும் பெருமளவு தமக்கென்று எடுத்துக்கொண்டுவிட்டன. ஆங்கிலச் சொல்லுக்கும் அந்தப் பொருள் உண்டு. ஆனால் அங்கே அது பல பொருள்களில் ஒன்று, இங்கே அதுவே முன்னால் வந்து நிற்கிறது.

இந்த இரண்டாவது கண்ணியில்தான் கதை மொழிபெயர்ப்பாளர்கள் அடிக்கடி விழுகிறார்கள். ஆங்கிலப் புனைவில் ஒருவரின் பெயரைக் கேட்டதும், கை தோளில் பட்டதும், வாசலில் காலடியோசை எழுந்ததும் பாத்திரங்கள் ஸ்டிஃபன் ஆவார்கள். அது அச்சமாக இருக்கலாம், வெறுப்பாக இருக்கலாம், அவமானமாகவோ எச்சரிக்கையாகவோ இருக்கலாம். ஆசிரியர் அதைச் சொல்லாமல் உடலை மட்டும் காட்டுகிறார். ‘அவன் தொட்டதும் அவள் விறைத்தாள்’ என்று எழுதினால் தமிழ் வாசகர் ஒரு கணம் தடுமாறுவார். வெறுப்பு என்றால் ‘அவள் முகம் இறுகியது’, அச்சம் என்றால் ‘ஒரு கணம் உறைந்து நின்றாள்’, அவமானம் என்றால் ‘அவள் உடல் கட்டைபோலானது’ என்று சூழலைப் பார்த்து எழுத வேண்டியிருக்கிறது. அப்படி எழுதும்போது ஆசிரியர் சொல்லாமல் விட்டதை நாம் கொஞ்சம் சொல்லிவிடுகிறோம் என்பது உண்மைதான். அந்த இழப்பைத் தவிர்க்க முடியாத இடங்கள் உண்டு. முடிந்தவரை ‘உடல் இறுகியது’ என்று நிறுத்திக்கொள்வது என் வழக்கம். அச்சத்தைப் பொறுத்தவரை இரு மொழிகளும் வேறு வேறு உடல்களை நினைக்கின்றன. ஆங்கிலத்தில் பயந்தவர் ‘ஸ்கேர்ட் ஸ்டிஃப்’. தமிழில் பயந்தவர் வெலவெலத்துப் போகிறார், கைகால் உதறுகிறது. நம்மிடமும் கல்லாய்ச் சமைபவர்கள் உண்டு, ஆனால் எண்ணிக்கையில் உதறுபவர்களே அதிகம்.

பொறியியலுக்கு வந்தால் இந்த வினை திடீரென்று கறாரான பொருளைப் பெறுகிறது. அங்கே விறைப்பு, வலிமை, கடினத்தன்மை மூன்றும் தனித்தனி. எவ்வளவு சுமைக்கு எவ்வளவு வளைகிறது என்பது விறைப்பு. எவ்வளவு சுமையில் உடைகிறது என்பது வலிமை. மேற்பரப்பைக் கீற முடியுமா என்பது கடினத்தன்மை. ஒரு பொருளின் விறைப்பைக் காட்டும் எண்ணுக்கு யங் மாடுலஸ் என்று பெயர்; எஃகினுடையது சுமார் 200 கிகாபாஸ்கல், அலுமினியத்தினுடையது சுமார் 70. ஆகவே ஒரே அளவு கம்பிகளில் அலுமினியம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாக வளையும். சாதாரண எஃகுக்கும் விலையுயர்ந்த உயர்வலிமை எஃகுக்கும் இந்த எண் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதாவது தொய்யும் விட்டத்தை ஸ்டிஃபன் செய்ய வேண்டுமென்றால் உயர்ந்த எஃகை வாங்குவதால் பயனில்லை. வடிவத்தை மாற்ற வேண்டும். தட்டையான தகரம் இரண்டு கட்டைகளுக்கு நடுவே தொய்ந்து தொங்கும். அதே தகரத்தை நெளிநெளியாக மடித்தால் கூரையாகி ஆளைத் தாங்கும். பனையோலை இயற்கையிலேயே அப்படி மடிந்து முளைப்பதால்தான், அவ்வளவு மெல்லிய ஓலை மரத்தின் உச்சியில் காற்றுக்கு நடுவே விரிந்து நிற்கிறது.

விறைப்பையும் வலிமையையும் ஒன்றாக நினைத்தால் என்ன ஆகும் என்பதற்கு, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 1940 ஜூலை 1 அன்று திறக்கப்பட்ட டகோமா நேரோஸ் தொங்குபாலம் சாட்சி. இரு கோபுரங்களுக்கு நடுவே தொங்கும் பகுதியின் நீளம் 2,800 அடி, அகலமோ 39 அடிதான். முதலில் வகுத்த திட்டத்தில் தளத்தின் கீழே 25 அடி உயரச் சட்டகம் இருந்தது; செலவும் அழகும் கருதி அதற்குப் பதிலாக 8 அடி உயரத் தகட்டு விட்டங்களை வைத்தார்கள். பாலத்தின் வலிமையில் குறையில்லை, வண்டிகளைச் சிரமமின்றித் தாங்கியது. ஆனால் இளங்காற்றிலேயே தளம் அலையலையாக ஏறி இறங்கியதால் கட்டுமானத் தொழிலாளர்களே அதற்கு ‘கேலப்பிங் கெர்ட்டி’, அதாவது குதிரைபோல் பாய்ந்தோடும் கெர்ட்டி என்று ஒரு பெண்ணின் பெயரில் பட்டப்பெயர் வைத்தார்கள். 1940 நவம்பர் 7 அன்று மணிக்கு 65 கிலோமீட்டர் அளவிலான காற்றில் தளம் இடம் வலமாக முறுக்கத் தொடங்கி, கடைசியில் அறுந்து நீரில் விழுந்தது. 1950-இல் அதே இடத்தில் திறந்த புதிய பாலத்துக்கு 33 அடி உயரச் சட்டகம் வைத்தார்கள். அதன் பெயரே ‘ஸ்டிஃபனிங் டிரஸ்’. நியூயார்க்கில் அதே பாணியில் 1939-இல் திறக்கப்பட்டிருந்த பிராங்ஸ் ஒயிட்ஸ்டோன் பாலத்துக்கும் 1946-இல் அத்தகைய சட்டகங்களைச் சேர்த்தார்கள். பல பத்தாண்டுகளுக்குப் பின், தளத்தின் பக்கவாட்டில் காற்றைப் பிரித்து வழுக்கிவிடும் இலகுவான கூர்விளிம்புகளைப் பொருத்தி, அந்தச் சட்டகங்களைக் கழற்றியும்விட்டார்கள். இந்த இடங்களில் ‘விறைப்பூட்டும் சட்டகம்’ என்று எழுதலாம். வேறு சொல் தேடினால் ‘வலுவூட்டும்’ என்று எழுதி, எந்த வேறுபாட்டால் பாலம் விழுந்ததோ அதையே மறைத்துவிடுவோம். தையற்காரரிடம் தோற்ற சொல் பாலத்தில் வென்றது என்று நினைத்துக்கொள்வேன்.

கப்பலிலும் இதன் சாயல் உண்டு. காற்றிலும் அலையிலும் எளிதில் சாயாமல், சாய்ந்தாலும் வெடுக்கென்று நிமிரும் கப்பலை மாலுமிகள் ‘ஸ்டிஃப்’ என்பார்கள். பயணிகளுக்கு அது சுகமான கப்பல் அன்று. காற்று ஸ்டிஃபன் ஆனது என்றால் வலுத்தது என்று பொருள். சந்தையில் விலை ஸ்டிஃபன் ஆனது என்றால், இறங்க மறுத்து ஏறுமுகம் கொண்டது.

அருவமான பொருள்களில் இந்தச் சொல் நல்லதற்கும் வரும், கெட்டதற்கும் வரும். எதிர்ப்பு ஸ்டிஃபன் ஆனால் ‘எதிர்ப்பு வலுத்தது’; தண்டனையை ஸ்டிஃபன் செய்தால் ‘கடுமையாக்கினார்கள்’. இந்தியாவில் 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தில் குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதற்கான அபராதம் 2,000 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாக உயர்ந்ததைப் போன்ற செய்திகளுக்கு இந்த வினை மிகவும் பொருந்தும். மனவுறுதியை ஸ்டிஃபன் செய்வது ‘உறுதியேற்றுவது’. ஷேக்ஸ்பியரின் ஐந்தாம் ஹென்றி முற்றுகைக் களத்தில் தன் வீரர்களிடம் தசைநாண்களை ஸ்டிஃபன் செய்யச் சொல்வதைத் தமிழில் ‘நரம்புகளை முறுக்கேற்றுங்கள்’ என்றே சொல்ல வேண்டும்; ‘விறைப்பாக்குங்கள்’ என்றால் படை அங்கேயே விழுந்துவிடும். அழுகை வந்தால் மேலுதடு துடிக்கும் என்பதால், துயரத்தைக் காட்டாதவரை ஆங்கிலம் ‘ஸ்டிஃப் அப்பர் லிப்’ உள்ளவர் என்கிறது. நம் ஆள் அதே துயரத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குகிறார்.

பிடிவாதம் என்ற பொருளில் இந்தச் சொல் பைபிளிலிருந்து வருகிறது. நுகத்துக்குத் தலை தாழ்த்தாத மாட்டின் உருவகம் அது. யூதா நாட்டு மன்னன் சிதேக்கியா தன் கழுத்தை ஸ்டிஃபன் செய்தான் என்று 1611-இன் ஆங்கில மொழிபெயர்ப்பில் வருகிறது. யாத்திராகமத்தில் கடவுள் மோசேயிடம் இஸ்ரவேலரைப் பற்றிச் சொல்லும் ‘ஸ்டிஃப்-நெக்டு’ என்ற அடைக்குத் தமிழ் பைபிளில் நிற்பது ‘வணங்காக் கழுத்துள்ள ஜனங்கள்’. மொழிபெயர்த்தவர்கள் கழுத்து எப்படி இருக்கிறது என்பதை விட்டுவிட்டு, அது எதைச் செய்ய மறுக்கிறது என்பதைப் பிடித்துக்கொண்டார்கள். இந்த வினைக்குத் தமிழில் நான் பார்த்த மிகச் சிறந்த தீர்வு அதுவே. இன்னொரு வழியில் நம் மொழியே இந்தப் பாதையில் நடந்திருக்கிறது: இன்று செருக்கைக் குறிக்கும் ‘திமிர்’ என்ற சொல்லுக்கு உறுப்பு மரத்து விறைப்பது என்ற பொருளும் உண்டு.

இறுதியாக, உருவத்தால் ஏமாற்றும் சில உறவினர்கள். ‘ஸ்டிஃப்’ என்பதே வினையாக வரும்போது, அமெரிக்கப் பேச்சில் அது தர வேண்டிய பணத்தையோ டிப்ஸையோ தராமல் ஏமாற்றுவது. ‘ஸ்டிஃபன்’ என்பதற்கு அந்தப் பொருள் கிடையாது. ‘போர்ட் ஸ்டிஃப்’ என்றால் அலுத்துச் சலித்துப்போன நிலை. அங்கே எதுவும் விறைக்கவில்லை, ‘மிகவும்’ என்பதே பொருள். ஆஸ்திரேலியப் பழைய கொச்சையில், பல்லிகளை ஸ்டிஃபன் செய்யச் சொல்லும் ஒரு வியப்புத் தொடர் உண்டு. அதில் பல்லியைத் தேட வேண்டாம், ‘அடேயப்பா!’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகலாம்.